கம்பு பிடிக்கும் கையும் குறிப்பெழுதும் கையும்

(புவியியல் முதலாண்டு மாணவர்க்கென ஏற்காட்டில் நடத்தப்பெற்ற பயிற்சி முகாமில் அரசுப் பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



உங்களில் பலர் புவியியலை விரும்பி எடுத்தவர் அல்லர் என்பதை நாம் அறிவோம். வணிகவியல் கேட்டோம், கணினி கேட்டோம், இடமில்லை என்றார்கள், இது கிடைத்தது என்று நேற்றிரவு உணவு வேளையில் நீங்கள் பேசிக்கொண்டது நம் செவியிலும் விழுந்தது. அதில் வருந்துவதற்கு ஒன்றுமில்லை. கேட்டுப் பெற்ற பாடத்தைப் பாதியில் விட்டோரும் உண்டு. கேளாமல் வந்த பாடத்தில் சிறந்து நின்றோரும் உண்டு. ‘இதைப் படித்து என்ன வேலைக்குப் போவது?’ என்று ஒரு தம்பி கேட்டார். நியாயமான கேள்வி. அதற்குப் பின்னர் வருவோம்.

நாம் பேராசிரியர் அல்லோம். பி.ஏ., பி.எட். பட்டங்களோடு நம் படிப்பு நின்றது. பேராசிரியர்கள் சொல்ல வேண்டியதை அவர்களே சொல்வார்கள். பள்ளியிலிருந்து கல்லூரிக்குப் போகும் வாயிற்படியில் நம் வீட்டுப் பிள்ளைகள் எந்த இடத்தில் இடறுகிறார்கள் என்பதைப் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறோம். அதைப் பற்றித்தான் இன்று பேச நினைக்கிறோம்.

பள்ளியில் ஒரு பாடத்திற்கு ஒரு நூல். வினாவும் விடையும் அந்நூலுக்குள் அடங்கும். கல்லூரியிலோ ஆசிரியர் ஒரு மணி நேரம் பேசிவிட்டுச் செல்வார். இன்ன பக்கத்தைப் படி என்று சொல்லமாட்டார். ஆகவே வகுப்பில் கிறுக்கியதை அன்று மாலையே எடுத்து, விடுபட்டவற்றை நிரப்பி, தெளிவாகத் திரும்ப எழுதுங்கள். மறுநாளைக்கென்று வைத்தால் பாதி மறந்திருக்கும். தேர்வு நெருங்கட்டும் என்றிருந்தால் உங்கள் கையெழுத்தே உங்களுக்கு விளங்காது. வீட்டில் தனி அறையும் மேசையும் இல்லையே என்பீர்கள். நம்மில் யாருக்கு அவை இருந்தன? நூலகம் மூடும் வரை அங்கேயே இருந்து அவ்வேலையை முடித்துவிட்டு வீடு திரும்புங்கள்.

தமிழ்வழியில் பயின்று வந்தோர்க்கு மற்றோர் இடர்ப்பாடு உண்டு. ஆசிரியர் ‘காண்டூர்’ என்பார். நீங்கள் ‘சம உயரக்கோடு’ என்று படித்தவர்கள். இரண்டும் ஒன்றே என்பது தெரியாமல் ஒரு பருவம் முழுவதும் அஞ்சி ஒடுங்கியிருந்த மாணவியை நாம் அறிவோம். பொருள் அவருக்குத் தெரியும், பெயர்தான் தெரியவில்லை. எழுந்து கேட்டால் சிரிப்பார்களோ என்று கேளாமலிருந்தார். குறிப்பேட்டின் பின்பக்கங்களை இதற்கென ஒதுக்குங்கள். ஆங்கிலச் சொல்லை ஒலித்தவாறு எழுதி, எதிரே தமிழ்ச் சொல்லை எழுதி, பக்கத்தில் ஒரு சிறு படம் வரையுங்கள். புவியியலில் படமில்லாத விளக்கம் பாதி விளக்கமே. படித்தது மனத்தில் நின்றதா என்று அறியவும் இதுவே வழி: நூலை மூடிவிட்டு, வெறுந்தாளில் அந்தப் படத்தை வரைந்து பாருங்கள். எந்த இடத்தில் பென்சில் நிற்கிறதோ அந்த இடத்தைத்தான் மீண்டும் படிக்க வேண்டும். முழு அத்தியாயத்தையும் நான்கு முறை உரக்க வாசிப்பது உழைப்பாகத் தோன்றும், பயன் குறைவு.

படிப்பைப் பற்றி இவ்வளவு போதும். மலைக்கு வருவோம்.

இந்திய நில அளவைத் துறையின் தாள்கள் மேசைமீது விரித்து வைக்கப்பட்டுள்ளன. ஐம்பதாயிரத்தில் ஒரு பங்கு அளவை. தாளில் இரண்டு சென்டிமீட்டர் என்பது நிலத்தில் ஒரு கிலோமீட்டர். ஏற்காட்டு நகரம் 58 ஐ/1 என்னும் தாளின் கிழக்கு விளிம்பை ஒட்டி வருகிறது. மலையின் கீழ்ப்பகுதி 58 ஐ/5-இல் உள்ளது. சேலம் நகரைத் தேடுவீர்களானால் தெற்கேயுள்ள 58 ஐ/2-ஐ எடுக்க வேண்டும். மலை தாளின் விளிம்பைப் பார்த்து நிற்பதில்லை. மூன்றையும் சேர்த்து வைத்தால்தான் சேர்வராயன் மலையின் உருவம் கண்ணுக்குப் புலப்படும். சேலத்தை நோக்கிய தென்சரிவில் சம உயரக்கோடுகள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு ஓடுவதைக் காணுங்கள். இருபது மீட்டர் உயரத்திற்கு ஒரு கோடு. மேலே வந்ததும் அவை அகன்று விலகுகின்றன. இதிலிருந்து, இது கூரிய முகடன்று, மேசைபோன்ற மேட்டுநிலம் என்று அறிகிறோம். நேற்று உங்களிற் சிலருக்குத் தலைசுற்றலைத் தந்த 20 கொண்டை ஊசி வளைவுகளும் அந்த நெருக்கமான கோடுகளின் மீதுதான் உள்ளன. சாலை ஏன் அவ்வாறு வளைந்தது என்பதற்குத் தாளிலேயே விடை இருக்கிறது.

சுற்றுலாக் கையேடுகள் ஏற்காட்டின் உயரம் 1,515 மீட்டர் என்கின்றன. எவ்விடத்தின் உயரம்? ஏரிக்கரையா, பேருந்து நிலையமா, ஏதேனும் ஒரு மேடா? கையேடு சொல்வதில்லை. நீங்கள் ஏரிக்கரையில் நின்று, அவ்விடத்தைத் தாளில் கண்டறிந்து, அருகிலோடும் கோட்டின் எண்ணைப் படியுங்கள். கையேட்டின் எண்ணோடு அது ஒத்துப் போகிறதா என்று பாருங்கள். அலைபேசி காட்டும் உயரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். அதுவும் பல மீட்டர் பிழைபடக்கூடும். மூன்று எண்களையும் எழுதி, எதை எதனால் நம்புகிறீர்கள் என்று ஒரு வரி சேர்த்தால் அது களஆய்வு. அச்சிட்ட எண் என்பதற்காகவே எழுதிக்கொள்வது வெறும் படியெடுப்பு.

மேலே செல்லச் செல்ல வெப்பம் குறையும் என்று பள்ளியிலேயே படித்தீர்கள். ஆயிரம் மீட்டருக்கு ஏறத்தாழ 6.5 டிகிரி செல்சியஸ் என்பது பாடநூற் கணக்கு. சேலம் 300 மீட்டருக்கு உட்பட்ட உயரத்தில் உள்ளது. இம்மேட்டுநிலமோ அதற்கு ஆயிரம் மீட்டருக்கும் மேலே. அப்படியானால் ஏழெட்டு டிகிரி வேறுபாடு எதிர்பார்க்கலாம். ஆயின் வெப்பமானியை எடுத்துக்கொண்டு பேருந்தில் ஏறி, வளைவுதோறும் படித்து வந்தால் என்ன ஆகும்? பயணம் ஒரு மணி நேரத்திற்கும் மேலாகிறது. காலையிற் புறப்பட்டால் அதற்குள் வெயில் ஏறிவிடும். உயரத்தால் குறைந்தது எவ்வளவு, நேரத்தால் கூடியது எவ்வளவு என்று பிரிக்க முடியாது. ஆகவே ஒரு குழு அடிவாரத்திலேயே நின்று பத்து நிமிடத்திற்கு ஒருமுறை படிக்க வேண்டும். மற்றொரு குழு மேலே ஏற வேண்டும். இரு குழுவின் கடிகாரமும் ஒத்திருக்க வேண்டும். வெப்பமானியை நிழலில், தரையிலிருந்து ஒரே உயரத்தில், வண்டியின் எஞ்சினுக்கு அப்பால் பிடிக்க வேண்டும். இவற்றுக்குப் பணம் வேண்டியதில்லை, பொறுமை வேண்டும்.

பாறையைப் பற்றியும் ஒரு சொல். இம்மலையின் உடல் சார்னோக்கைட் என்னும் பாறை. கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்னும் கம்பெனி அதிகாரியின் கல்லறை இவ்வகைப் பாறையால் ஆனது. அதனால் 1893இல் தாமஸ் ஹாலண்ட் என்னும் நிலவியலார் அவர் பெயரையே பாறைக்கு இட்டார். நம் உறவினர் பலர் குவாரிகளில் சம்மட்டியால் உடைத்து வயிறு கழுவும் கருங்கல்லில் பெரும்பகுதி இதுவே. உடைத்தவர் பெயர் எப்பாறைக்கும் இல்லை. மலையுச்சிகளில் இப்பாறை நெடுங்காலம் மழையில் ஊறிச் சிதைந்ததால் சிவந்த மண்ணும் பாக்சைட்டும் உண்டாயின. அந்தப் பாக்சைட் மேட்டூர் அலுமினிய ஆலைக்குச் சென்றது. 2008இல் அவ்வாலையின் உருக்குப் பணி நின்றது. அடிவாரத்தில் தெரியும் வெள்ளைத் திட்டுகள் மேக்னசைட். சேலத்திற்கு அருகில் மேக்னசைட் ஜங்ஷன் என்று ரயில் நிலையமே உண்டு.

ஆறுகளில்தான் இம்மலை நம்மை வியக்க வைக்கிறது. தெற்கே இறங்கும் நீர் திருமணிமுத்தாறாகச் சேலம் நகரினூடே சென்று காவிரியை அடைகிறது. மேற்கே இறங்குவது சரபங்காவாகி, அதுவும் காவிரிக்கே செல்கிறது. வடகிழக்கே இறங்குவதோ வாணியாறாகிப் பாப்பிரெட்டிப்பட்டி, அரூர்ப் பக்கம் சென்று தென்பெண்ணையில் கலக்கிறது. மேட்டுநிலத்தில் அருகருகே விழும் இரு மழைத்துளிகளில் ஒன்று பூம்புகார்ப் பக்கமும் மற்றொன்று கடலூர்ப் பக்கமும் கடலைச் சேரக்கூடும். அந்த நீர்பிரி கோட்டைத் தாளில் பென்சிலால் வரைந்து, பின்னர் நடந்து சென்று பாருங்கள். சில இடங்களில் அது ஒரு காப்பித் தோட்டத்தின் வேலி ஓரமாகவே போகலாம். கண்ணுக்குப் பெரிதாக ஒன்றும் தெரியாது.

இனி, எதற்காக இந்த உரைக்கு ஒப்புக்கொண்டோமோ அதைச் சொல்கிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் நம் பழைய மாணவர் ஒருவர் கல்லூரிக் களப்பயணம் சென்று திரும்பினார். மூன்று நாளும் என்ன செய்தாய் என்று கேட்டோம். ‘கம்பு பிடித்தேன் ஐயா’ என்றார். அளவுக்கம்பை நட்டு நிமிர்த்திப் பிடிப்பது அவர் வேலை. சங்கிலி இழுத்ததும் அவரே. சமையற் பாத்திரம் சுமந்ததும் அவரும் நம்மவர் இன்னொருவருமே. திசைகாட்டியில் பாகை படித்தவர் வேறொருவர். களக்குறிப்பேட்டில் எழுதியவர் மற்றொருவர். யாரும் சாதி சொல்லி வேலை பிரிக்கவில்லை. ‘நீ பலசாலி, வெயிலுக்குப் பழகியவன்’ என்றார்களாம். ஆண்டிறுதிச் செய்முறைத் தேர்வில் திசைகாட்டியைக் கையில் கொடுத்தபோது அவருக்குப் படிக்கத் தெரியவில்லை. எந்தக் கல்லூரி என்பது இங்குத் தேவையில்லை. எங்கும் நடக்கக்கூடியது.

இது புதிதன்று. ஊர்களின் எல்லை எது என்ற வழக்கு எழுந்தபோது எல்லையை நடந்து காட்டியவர் பறையர் என்பதும், அவர் காட்டியதே எல்லையாக ஏற்கப்பட்டது என்பதும் ஆங்கிலேயர் காலத்து நூல்களில் பதிவாகியுள்ளன. எல்லைக்கல் எங்கே, வாய்க்கால் எங்கே திரும்புகிறது, எந்த வயலுக்கு எந்த மடை என்று அறிந்தவர் அவரே. ஆனால் கணக்குப் புத்தகம் அவர் கையில் இருந்ததில்லை. காட்டியவர் ஒருவர், எழுதியவர் ஒருவர். எழுதியவர் பெயரில்தான் நிலம் நின்றது.

மாணவரைக் கொண்டு ஊரை ஆராய்வதும் நம் நாட்டிற்குப் புதிதன்று. 1916இல் சென்னைப் பல்கலைக்கழகப் பொருளியல் பேராசிரியர் கில்பர்ட் சிலேட்டர் தம் மாணவர்களைத் தத்தம் ஊர்களை ஆராய்ந்து எழுதுமாறு பணித்தார். 1918இல் அது நூலாக வந்தது. தென்னார்க்காட்டு இருவேல்பட்டு, இராமநாதபுரத்து வடமலைபுரம், திருநெல்வேலிக் கங்கைகொண்டான், தஞ்சைப் பாலக்குறிச்சி, வடார்க்காட்டுத் தூசி முதலிய ஊர்கள் அதில் இடம்பெற்றன. அவ்வூர்கள் 1930களில் மீண்டும் ஆராயப்பட்டன. இருவேல்பட்டு 1980களிலும் 2008இலும்கூட ஆராயப்பட்டது. நூறாண்டுக்குமுன் கல்லூரி மாணவர் எழுதிய குறிப்பு இன்றும் அறிஞர்க்குப் பயன்படுகிறது என்பதை எண்ணிப் பாருங்கள். அன்று அவ்வூர்ச் சேரிகளிலிருந்து கல்லூரிக்குச் சென்றிருக்கக்கூடியவர் எத்தனை பேர் என்பதையும் கூடவே எண்ணிப் பாருங்கள்.

ஆகவே களப்பயணத்தின் முதல் நாளே ஆசிரியரிடம் பணிவோடு கேளுங்கள்: ‘ஐயா, வேலையைச் சுழற்சி முறையில் தாருங்கள், ஒவ்வொருவரும் கம்பும் பிடிக்கட்டும், பாகையும் படிக்கட்டும், குறிப்பும் எழுதட்டும்’ என்று. இது சலுகை கேட்பதன்று. செய்முறைப் பாடத்தின் முறையே அதுதான். மாணவியர்க்கு இதைத் தனியாகவும் சொல்ல வேண்டும். ‘அழகாக எழுதுவாய், நிழலில் அமர்ந்து எழுது’ என்று உங்களை உட்கார வைத்துவிடுவார்கள். நீங்கள் வெயிலில் இறங்கி அளக்க வேண்டும். பயணச் செலவுக்குப் பணமில்லை என்பதற்காக ‘ஊரில் விசேஷம்’ என்று பொய் சொல்லி வீட்டிலிருந்துவிடாதீர்கள். கழகத்தில் வந்து சொல்லுங்கள். இயன்றதைச் செய்வதற்கே கழகம் இருக்கிறது.

குறிப்பேட்டில் எப்படி எழுதுவது? நாள், நேரம், இடம், வானிலை ஆகியவை முதல் வரியில். கண்டதை இடப்பக்கத்திலும், அதைப் பற்றி நினைத்ததை வலப்பக்கத்திலும் எழுதுங்கள், இரண்டையும் கலக்காதீர்கள். பென்சிலால் எழுதுங்கள், ஏற்காட்டு மழையில் மை கரையும். தவறானதை அழிக்காமல் ஒரு கோடு இழுத்துவிட்டுப் பக்கத்தில் திருத்தம் எழுதுங்கள். உங்கள் தப்படியின் நீளத்தை அறிந்து வைத்திருங்கள்: நாடாவால் நூறு மீட்டர் அளந்து, அதை எத்தனை தப்படியில் கடக்கிறீர்கள் என்று மும்முறை எண்ணினால் போதும். ஏற்றத்தில் தப்படி சுருங்கும் என்பதையும் மறவாதீர்கள்.

நாளை மலைக்கிராமங்களுக்குச் செல்கிறோம். அங்கு வாழ்வோர் மலையாளிகள் என்னும் பழங்குடியினர். பெயரைக் கேட்டுக் கேரளத்தார் என்று எழுதிவிடாதீர்கள். அவர்கள் பேசுவது தமிழ். முன்னோர் காஞ்சிப் பக்கமிருந்து வந்ததாக அவர்களிடையே வழிவழிக் கதை உண்டு. வாசலில் நின்று அனுமதி கேட்டபின் பேசுங்கள். பெரியவரை ஐயா, அம்மா என்று விளியுங்கள். கேளாமல் அலைபேசியில் படம் எடுக்காதீர்கள். நம்மைப் பற்றி எத்தனை பேர் வந்து எழுதிச் சென்றார்கள், நம் குடிசையை எத்தனை பேர் படமெடுத்தார்கள், அப்போது நம் தாய்மார் முகம் எப்படி இருந்தது என்பதை நீங்கள் அறிவீர்கள். அதே கண்ணோடு இன்னொரு மக்களிடம் போய் நிற்கலாகாது. ‘நீங்க என்ன ஆளுங்க?’ என்ற கேள்வியை யாரிடமும் கேட்க வேண்டா. தண்ணீர் எங்கிருந்து வருகிறது, கோடையில் எங்கிருந்து, சுமந்து வர எத்தனை நிமிடம், பள்ளிக்கு எவ்வளவு தூரம், மிளகும் காப்பியும் யாருக்கு விற்கிறீர்கள் என்று கேளுங்கள். அந்த நிமிடங்களை நீங்களும் நடந்து எண்ணுங்கள். வரைபடத்தில் 400 மீட்டர் என்று காண்பது குடத்தோடு ஏறும்போது வேறொன்றாக இருக்கும்.

காப்பித் தோட்டங்களையும் காண்போம். சேலம் ஆட்சியராயிருந்த காக்பர்ன் காலத்தில், 1820களில், இங்குக் காப்பி வந்தது என்பர். வழிகாட்டிகள் அவர் பெயரைச் சொல்வார்கள். தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு எங்கே, அங்கிருந்து மருத்துவமனை எத்தனை கிலோமீட்டர் என்பதை நீங்கள் குறித்துக்கொள்ளுங்கள். குடியிருப்பும் மருத்துவமும் தோட்ட உரிமையாளரின் கடமை என்று 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டமே விதித்தது.

வேலையைப் பற்றிக் கேட்ட தம்பிக்கு: நில அளவை, வருவாய்த் துறை, வனத்துறை, ஆசிரியப் பணி, செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு நிலத்தை ஆராயும் பணி எனப் பல உள. தேர்வெழுதி வெல்ல வேண்டும், எளிதன்று. ஆயின் வேலை கிடைக்கும் முன்னரே உங்கள் ஊருக்கு இப்பாடம் பயன்படும். செங்கற்பட்டு ஆட்சியர் டிரமென்கீர் நம் மக்களின் நிலையைப் பற்றி அனுப்பிய அறிக்கையைத் தொடர்ந்து, 1892இல் நம் மக்களுக்கென நிலம் ஒதுக்க அரசு ஆணையிட்டது. பஞ்சமி நிலம் என்பது அதுவே. அந்நிலங்கள் எத்தனை கை மாறின என்பது ஊரறிந்தது. 1994இல் காரணை பஞ்சமி நிலப் போராட்டத்தில் ஜான் தாமஸ், ஏழுமலை ஆகிய இருவர் காவலரின் துப்பாக்கிக்கு உயிரைக் கொடுத்தார்கள். அந்நிலம் எவ்வளவு, எங்கே, எந்தப் புல எண்ணில் என்பதைப் படத்தில் காட்டத் தெரிந்தவர் நம் சேரியில் ஒருவராவது வேண்டும். இன்று பட்டா, சிட்டா, புலப்படம் ஆகியவற்றை அரசின் இணையதளத்திலேயே பார்க்கலாம். பார்க்கலாம், படிக்கத் தெரிய வேண்டுமே. அளவையும் திசையும் புல எண்ணும் அறிந்த ஒரு முதலாண்டு மாணவர் விடுமுறையில் ஊருக்குச் சென்று, தம் ஊர்ப் புலப்படத்தை விரித்து, சுடுகாட்டுப் பாதை எது, ஓடைப் புறம்போக்கு எது, நத்தம் எதுவரை என்று தம் தாய் தந்தையர்க்கு விளக்கிக் காட்டட்டும். அதையே அவ்வாண்டுக் கட்டுரையாக எழுதிப் பேராசிரியரிடம் தரட்டும்.

நாளைக் காலை ஐந்தரை மணிக்கு முதற்குழு அடிவாரத்திற்கு இறங்கும் வண்டியில் ஏற வேண்டும். கடிகாரங்களை இன்றிரவு உணவுக்குமுன் ஒத்துவைத்துக்கொள்வோம். ஒவ்வொரு குழுவிலும் நால்வர். ஒரு வளைவுக்கு ஒருவர் என்று வெப்பமானி கைமாறும், அவ்வாறே குறிப்பேடும். யார் எந்த வளைவில் எழுதுவது என்னும் பட்டியல் கதவில் ஒட்டப்பட்டுள்ளது. பென்சில் இல்லாதவர்கள் இப்போதே வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.